தெருமுனையில் ஒரு வாய் தண்ணீர்

வாடகைக் கார் வடகுத்தங்குடி கீழத்தெரு முனைக்கு வந்து நின்றபோது மணி நாலுதான். ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பிடித்துக்கொண்டதில் வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருண்டு கிடந்தது. வாய்க்கால் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. புதிதாக நட்ட தாளடி வயல்களில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

பின் சீட்டில் அம்சவல்லி தன் புருஷனைத் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீரையன் செத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அது அவளுக்குத் தெரியும். கொரடாச்சேரிப் பக்கம் வெட்டாற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது, "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா அம்சா?" என்று கேட்டான். "கரை தட்டுது மாமா," என்றாள். அதற்கு மேல் அவன் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தலை அவள் தோளில் சாய்ந்த கனத்திலேயே விஷயம் புரிந்துபோயிற்று. தூங்குகிறவன் தலைக்கு ஒரு கனம் உண்டு. இது அந்தக் கனம் இல்லை.

வண்டி ஓட்டிய யூனுஸ் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். வேகத்தைக் குறைத்தார்.

"தூங்குறாரு பாய்," என்றாள்.

"எங்க வாப்பாவ இதே சீட்டுலதான் தங்கச்சி கொண்டாந்தேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாயத் தொறக்காதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். வீட்டுக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துருங்க, போதும்."

அவள் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. கீழத்தெருவில் ஒரு கட்டு உண்டு. வெளியே செத்தவரைத் தெருவுக்குள் கொண்டுவரக் கூடாது. போன வருஷம் ராமாயியின் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்தபோது, வாய்க்கால் கரையில் நாலு கீற்றைச் சாய்த்து அதன் கீழேதான் போட்டார்கள். கீற்று ஒழுகியது. பெற்ற பிள்ளைகள் எட்ட நின்று அழுதார்கள். அவர் தன் கையால் மண் குழைத்துக் கட்டிய வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஆறு வருஷம் சிறை வாசலில் கால் கடுக்க நின்றவளுக்கு அதுதானா கிடைக்க வேண்டும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் களத்துக் கூலியை அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, அறுப்புக்குப் போகாமல் நின்றது கீழத்தெரு. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. வரப்பில் நடந்த அடிதடியில் பண்ணைக் காரியக்காரர் வெட்டுப்பட்டு விழுந்தார். யார் அரிவாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பதினோரு பேர்மேல் வழக்குப் போட்டு, பத்துப் பேரை விட்டுவிட்டு, வீரையனுக்கு ஆயுள் கொடுத்தார்கள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்.

உள்ளே போன மூன்றாம் வருஷம் அவனுக்குக் காசம் கண்டது. ரெண்டு நுரையீரலும் சல்லடை என்று சிறை டாக்டரே எழுதிக் கொடுத்தார். நோய் முற்றிய கைதியை முன்கூட்டியே விட அரசாங்கத்தில் வழி இருக்கிறது என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீல் சொன்னார். வழி இருந்தது. அதில் நடக்கத்தான் முடியவில்லை. மருத்துவ அறிக்கை மூன்று மாசம் பழசு என்று மனு மெட்ராசிலிருந்து திரும்பி வந்தது. புது அறிக்கையோடு போயிற்று. போலீஸ் அறிக்கை இல்லை என்று திரும்பியது. போலீஸ் அறிக்கையும் வந்தது. அதில், கைதி ஊர் திரும்பினால் அமைதிக்குப் பங்கம் நேரும் என்று பண்ணைத் தரப்பு அஞ்சுவதாக எழுதியிருந்தது. எழுந்து உட்கார ரெண்டு ஆள் பிடிக்க வேண்டிய மனுஷனால் அமைதிக்குப் பங்கம். அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் மருத்துவ அறிக்கை மறுபடியும் பழசாகிவிட்டது. செக்ஷன் கிளார்க் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் அம்சவல்லி முதலிலிருந்து சொன்னாள்.

கடைசியில் உத்தரவு வந்தபோது, வீரையனிடம் விடுவிப்பதற்கு மிச்சம் இருந்தது ஒரு நாள் மூச்சுதான்.

தெருமுனையில் கோணிச்சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு கண்ணுசாமி நின்றிருந்தான். தெருவுக்கு நாட்டாமை; அம்சவல்லிக்குப் பெரியப்பா மகன். அவன் கையில் ஒரு லோட்டாவில் தண்ணீர். பின்னால் பத்திருபது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். உடம்பு முடியாமல் ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள். தொண்டையில் இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். இறங்காவிட்டால் வாய்க்கால் கரை.

"அசந்து தூங்குறாரு அண்ணே. வீட்டுல போய்க் குடுத்துக்கிறேன்."

"ஒரு வாய்தான தங்கச்சி. எனக்குன்னா ஒண்ணுமில்ல, நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

அம்சவல்லி லோட்டாவை வாங்கினாள். வீரையனின் காதோடு காதாகக் குனிந்தாள்.

"மாமா, எனக்காக ஒரே ஒரு வாய். நம்ம வீட்டுக்குப் போகணும் மாமா. வாங்க."

தண்ணீரை ஊற்றினாள். அது உதட்டோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. கண்ணுசாமி காருக்குள் தலையை நீட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை ஊற்றினாள்.

தவளைச் சத்தம் நின்றது.

வயல் முழுக்க, ஒரே சமயத்தில்.

வீரையனின் தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது. கண் திறந்தது.

"என்ன மச்சான்," என்றான் கண்ணுசாமியைப் பார்த்து. "மீசைய எங்க தொலைச்ச?"

கூட்டம் சிரித்தது. கண்ணுசாமி சாக்கு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க தங்கச்சி சிரைக்கச் சொல்லிட்டா மச்சான்," என்றான். யாரோ காருக்கு வழி விடச் சொல்லிக் கத்தினார்கள்.

அம்சவல்லி அசையவில்லை. அவள் கன்னம் அவன் வாய்க்கு அரை விரக்கடை தூரத்தில் இருந்தது.

பேச்சு வந்தது. மூச்சு வரவில்லை.

யூனுஸ் அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, டீத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். வண்டியைத் திருப்பக்கூட நிற்காமல், தெரு முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

முதல் ரெண்டு நாள் அம்சவல்லிக்குச் சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கமாகவே பார்த்துப் பழகிய முகம் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. தலை வாரிவிட்டாள். சிறைச் சட்டையைக் கழற்றி, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டாள்.

"இருமல் நின்னுருச்சே மாமா."

"வேலையில்லாததுக்கு இருமி என்ன ஆவப்போவுது?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்தாள். சேற்றுக்குள் கை விட்ட மாதிரி இருந்தது.

அவன் படுக்கவில்லை. கண் மூடவில்லை. சோறு போட்டால் "தின்னுட்டேன்" என்பான். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். எறும்பு வரிசை பாய் விளிம்புவரை வந்து, அப்படியே திரும்பிப் போகும். வளர்த்த கோழி ரெண்டும் பக்கத்து வீட்டுக்குக் குடியேறிவிட்டன. அவன் உட்கார்ந்த இடத்தில் மண் தரை காயவே இல்லை. துடைத்தாலும், சாம்பல் தூவினாலும், மறுபடி ஈரம் கசிந்து மேலே வந்தது. முதலில் அவன்மேல் பினாயிலும் சிறைக் கம்பளியும் நாறின. நாலாம் நாள் அதற்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது. நனைந்த நெல் மூட்டைக்குள் முளைத்து அழுகினால் வருமே, அது.

ஒரு மத்தியானம், மழை ஓய்ந்த நேரத்தில், அவன் மார்பில் காது வைத்துப் பார்த்தாள்.

காலி நெற்குதிருக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

அவன் கை மேலே வந்து அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தது. ஒரே சீராக, நிறுத்தாமல். அவள் எழுந்து விலகிய பின்னும் அந்தக் கை வெறும் காற்றில் தட்டிக்கொண்டே இருந்தது.

உத்தரவில் நாலு பக்கம். நாலாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை: மாசம் ஒரு முறை அரசாங்க டாக்டர் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும், உடல் தேறியிருந்தால் கைதி மீண்டும் சிறைக்கு வர வேண்டும். சாகப்போகிறவருக்கு இது எதற்கு என்று அம்சவல்லி அன்றைக்கு அந்தப் பக்கத்தைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை.

முப்பதாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் சாவித்திரி குடையோடு வந்தார். சின்ன வயசு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அறிக்கை எழுதும் நமூனாவைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருமல் இருக்கா?"

"இல்லீங்க," என்றான் வீரையன்.

"சளி, ரத்தம்?"

"இல்லீங்க."

"சாயங்காலத்துல காய்ச்சல்?"

"குளுந்து கெடக்கேன் டாக்டரம்மா."

அவர் ஸ்டெதாஸ்கோப்பை அவன் மார்பில் வைத்தார். கேட்டார். இடம் மாற்றி வைத்தார். அதை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் கேட்டார். மறுபடி அவன் மார்பில் வைத்தார். வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தார். கடைசியில் மணிக்கட்டைப் பிடிக்கப் போன விரல்கள் தொட்ட உடனே திரும்பி வந்தன.

டாக்டர் எழுந்து வெளியே போனார். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. அம்சவல்லி பின்னாலேயே ஓடினாள்.

"எத்தன நாளா இப்படி?" குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"கார்ல வந்ததுலேருந்துங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"நான் என்னம்மா எழுதுறது?" டாக்டர் நமூனாவை நீட்டினார். "ஒம்போது கட்டம் இருக்கு. இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, மூச்சுத் திணறல் இருக்கா. உயிர் இருக்கான்னு ஒரு கட்டம் இல்ல."

"செத்துட்டாருன்னே எழுதிடுங்களேன்."

"என் கேள்விக்குப் பதில் சொன்ன ஆளை எப்படிம்மா செத்துட்டாருன்னு எழுதுவேன்? என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

ஒன்பது கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினார். அடியில் தொகுத்து எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. நோய்க்குறி ஒன்றுகூட இல்லாத ஆளுக்கு எழுதக்கூடிய வார்த்தை ஒன்றுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

மார்கழி பிறந்த வாரத்தில் பழுப்பு உறை வந்தது. கைதியின் உடல் நன்கு தேறிவிட்டதாக மருத்துவ அறிக்கை தெரிவிப்பதால், அடுத்த திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் காவலர் வந்து அழைத்துப்போவார்கள்.

விடுவிக்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்ட அரசாங்கத்துக்குத் திரும்பப் பிடிக்க மூன்று வாரம் போதுமாக இருந்தது.

அம்சவல்லி பஸ் ஏறி, மனு கொடுத்த அதே ஆபீசுக்குப் போனாள். கிளார்க் புது ஆள். முதலிலிருந்து சொன்னாள்.

"செத்துட்டாருன்னா இறப்புச் சான்று குடும்மா. கோப்ப மூடிடலாம்."

"அத எழுத மாட்டேங்குறாங்க சார்."

"ஏன்?"

"உசுரோட இருக்காருன்னு சொல்றாங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இருக்காரா, இல்லையா?"

"இல்ல சார்."

"எங்க இருக்காரு?"

"வீட்டுல."

அவர் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். "அடுத்த ஆள் வாங்க."

ஊருக்குத் திரும்பி மணியக்காரரிடம் போனாள். சாவு எழுதும் புத்தகம் அவரிடம்தான் இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. "அவன் தண்ணி குடிச்சதத் தெருவே பாத்துருக்கு. நாட்டாமை வந்து சொல்லட்டும், எழுதுறேன்."

கண்ணுசாமி வரப்பில் மண்வெட்டியோடு நின்றான். அவள் சொல்லத் தொடங்கியதுமே கையைத் தூக்கி நிறுத்தினான்.

"நீ சொல்லல, நான் கேக்கல. பொணத்தத் தெருவுக்குள்ள விட்டவன்னு எனக்குப் பேரு வாங்கிக் குடுக்கப் போறியா? அன்னிக்கு அவன் என்னப் பாத்துப் பேசுனான் அம்சா. மீசையப் பத்திக் கேட்டான்." அவன் மண்வெட்டியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. "அதுலேருந்து நான் சரியாத் தூங்கல."

திங்கட்கிழமை விடிந்தது. வெளியே பனி. எதிர் வீடு தெரியவில்லை. அம்சவல்லி அவனுக்கு எதிரே, அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மாமா, இன்னிக்கு ஜெயில்லேருந்து வர்றாங்க. திரும்பக் கூட்டிட்டுப் போக."

ஐம்பது நாளில் முதல் தடவையாக அவன் முகம் மாறியது.

"மறுபடியுமா?"

"ம்."

"அங்க வேணாம் அம்சா."

"வேணாம். நான் விட மாட்டேன். அதுக்குத்தான் ஒண்ணு சொல்லப் போறேன்." அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க அன்னிக்கு வெட்டாத்துப் பாலத்துலயே போயிட்டீங்க மாமா."

கூரையிலிருந்து பனிச்சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சேவா இருந்தீங்க?"

"நீ வாங்கன்னு கூப்பிட்ட. நீ கூப்பிட்டு நான் என்னிக்கு வராம இருந்தேன்?"

அவள் அழுதாள். அழுகை அடங்க வெகு நேரம் ஆயிற்று. பனி கலையத் தொடங்கியிருந்தது.

"இப்ப நாந்தான் சொல்றேன். போங்க மாமா."

"எங்க போறது?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "எங்கயாச்சும். அங்க மட்டும் வேணாம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே சரிந்து, தெற்கே தலை வைத்துப் படுத்தான். கண்ணை மூடினான்.

அடுத்த நொடி ஐம்பது நாளும் ஒன்றாக வந்தன.

அம்சவல்லி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து விழுந்தாள். அவள் போட்ட அலறலில் தெரு கூடியது. குளிப்பாட்ட உள்ளே போன மூன்று பேரில் இருவர் உடனே வெளியே வந்து வேலியோரம் குந்திக்கொண்டார்கள். கண்ணுசாமி மட்டும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு தனியாக எல்லாம் செய்தான். துணியைச் சுற்றிக் கட்டி, முகத்தை ஒருவரும் பார்க்காதபடி மூடினான். ஒரு கேள்வி கேட்கவில்லை. வாசலில் நின்ற மணியக்காரரிடம் போய், "இன்னிக்குக் காலம்பற, வீட்டுல," என்றான். அவர் எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு வேன் வந்தபோது, சுடுகாட்டில் புகை எழுந்துவிட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். சான்றின் நகலை வாங்கி, உத்தரவோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஒங்க ஆளு தப்பிச்சுட்டாரும்மா," என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்சவல்லிக்கும் அது ஆறுதலாகவே இருந்தது. தெருவுக்குள் வந்தான், தன் வீட்டில் கிடந்தான், தெரு ஆட்கள் தோளில் போனான். இனி எந்தக் கம்பியும் அவனுக்கு இல்லை. அன்று அவள் தரையை மெழுகினாள். மெழுகிய இடம் காய்ந்தது.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள், நல்ல வெயிலில், தபால்காரர் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் வாங்கியதும் விரல் ஈரமாயிற்று. அச்சடித்த சிறை அட்டை. நிரப்ப வேண்டிய இடங்களை யாரோ ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் நிரப்பியிருந்தார். கைதி பெயர்: வீரையன். மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாள்: அந்தத் திங்கட்கிழமை. உடல்நிலை: நன்று. பார்வையாளர் சந்திப்பு: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு.

அதன் அடியில், சிறைப் பள்ளிக்கூடத்தில் பழகிய கோணல் எழுத்து. அந்த எழுத்தை ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

'அம்சாவுக்கு. உத்தரவில் என் பேர் இருந்தது. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை, வேனில் ஏறி வந்துவிட்டேன். பழைய அறைதான். நீ மறுபடியும் ஒரு மனுப் போடு. நோய் என்று மட்டும் எழுதாதே. அது இனிமேல் செல்லாது.'